திருகின் மேல் வைத்த பொட்டு

என்ன தொழில் என்று யாராவது கேட்டால் கைச்சக்கரம் செய்கிறேன் என்பேன். உடனே, தையல் மெஷினா என்பார்கள். என் சொந்த ஊரான இடையஞ்சாவடியில் பாதிப் பேர் நான் தையல் மெஷின் கம்பெனி வைத்திருப்பதாகத்தான் இன்றைக்கும் நம்புகிறார்கள். ஒரு கல்யாண வீட்டில் ஒரு அம்மாள் தன் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமை எனக்கு எப்போதும் கொஞ்சம்தான். இப்போதெல்லாம் ஆமாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

இங்கே விளக்காமல் முடியாது. கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பைக் கடைகிற, துளைக்கிற சிஎன்சி மெஷின்கள் இருக்கின்றன. புரோகிராமை ஓட்டிவிட்டால் அதுபாட்டுக்கு வேலை செய்யும். ஆனால் வேலை தொடங்கும் முன், இரும்பு எங்கே இருக்கிறது, வெட்டுகிற டூல் எங்கே இருக்கிறது என்று அதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். அப்போது மட்டும் ஆபரேட்டர் டூலைத் தன் கையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார். அதற்கான கருவி டிபன் பாக்ஸ் அளவில் இருக்கும், சுருட்டை வயரில் தொங்கும். பெண்டண்ட் என்போம். அதன் நடுவில் ஒரு சக்கரம். சுற்றினால் டிக் டிக்கென்று விரலில் தட்டும். ஒவ்வொரு டிக்குக்கும் டூல் ஒரு அடி வைக்கும். அந்த அடி எவ்வளவு என்பதை மேலே உள்ள சின்னத் திருகு சொல்லும். அதில் ஒன்று, பத்து, நூறு என்று மூன்று இடங்கள். பத்தில் வைத்துச் சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினால் டூல் ஒரு மில்லிமீட்டர் இறங்கும். நூறில் வைத்து அதே சுற்று சுற்றினால் ஒரு சென்டிமீட்டர். சுற்றுகிற கைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இந்தப் பெண்டண்டை வடிவமைத்து, பெரிய முதலியார்சாவடியில் ஒரு வாடகை ஷெட்டில் செய்து விற்கிறேன். நான் தலைநிமிர்ந்து நடக்கக் காரணம் ஒன்றுதான். எங்கள் பக்கத்து உப்புக் காற்றுக்கு என் பெண்டண்ட் அசையாது. வெளியூரிலிருந்து வருகிறவை ஒரு வருஷத்தில் உள்ளே பச்சை பூத்துச் செத்துப்போகும். நான் ரப்பர் சீல் வைத்து, மூடி வைத்து, உப்புத் தண்ணீர் வாளியில் முக்கி எடுத்து, பிறகுதான் விற்பனைக்கு அனுப்புவேன். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகிற சாலையில், பெருமுக்கல் மலை தெரிகிற இடத்தில் ஒரு மெஷின் ஷாப் இருக்கிறது. அதன் முதலாளி என் பெண்டண்டைத் தன் எல்லா மெஷினுக்கும் போட ஒப்புக்கொண்டபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த ஷாப்பில் மெஷின் ஓட்டிய பெண் ஒருத்திதான். மரக்காணத்துக்காரி. வீட்டில் எல்லோரும் உப்பளத்துக் கூலி. அவளும் பள்ளி விடுமுறையில் உப்பு வாரியவள்தான். பிறகு ஐடிஐ படித்து, இங்கே துடைக்கிற வேலைக்குச் சேர்ந்து, மூன்று வருஷத்தில் மெஷினைப் பிடித்துவிட்டாள். அவளுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். காலையில் வந்ததும் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஸ்விட்சைப் போடுவாள். "எங்க தெருவுல மெஷின் ஓட்டறவ நான் ஒருத்திதான் மேடம்" என்று முதல் நாளே என்னிடம் சொன்னாள். பெருமையை மறைக்கத் தெரியாத முகம்.

முதல் மாதிரியை அவள் கையில்தான் கொடுத்துப் பார்த்தேன். சக்கரத்தைச் சுற்றினாள். பக்கவாட்டில் இருந்த பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால்தான் சக்கரம் வேலை செய்யும், விட்டால் மெஷின் நின்றுவிடும் என்றதும் நல்லது என்று தலையாட்டினாள். பிறகு மேல் திருகைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"மேடம், இந்தத் திருகுல ஒரு மூக்கு வச்சிக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்."

"மூக்கா?"

"எங்கூட்டு கேஸ் அடுப்புல இருக்குதே, அந்த மாதிரி. கரண்ட் போயிட்டாக்கூட சிம்முல இருக்குதா இல்லையான்னு கைக்கே தெரிஞ்சிடும். இது உருண்டையா இருக்குது. கண்ணால பாத்தாத்தான் தெரியுது."

என் திருகு உருண்டைதான். அலுமினியத்தில் கடைந்து, பளபளவென்று தேய்த்து, முகப்பில் மெல்லியதாக ஒரு வெள்ளைக் கோடு வெட்டியிருந்தேன். அந்தக் கோடு எந்த எண்ணைப் பார்க்கிறதோ, அதுதான் கணக்கு. விளம்பரத் தாளில் அதைப் பெரிதாகப் படம் போட்டிருந்தேன். அதில் போய் ஒருத்தி மூக்கு வைக்கச் சொன்னால்?

"மூக்கு வச்சா சீல் நிக்காதும்மா. உப்பு உள்ள போயிடும்" என்றேன்.

அது பொய். மூக்குக்கும் சீலுக்கும் சம்பந்தமே இல்லை. அவள் சிரித்துக்கொண்டே, "உப்பப் பத்தி எங்களுக்கேவா மேடம்" என்றாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. வண்டியில் திரும்பி வருகிற வழியெல்லாம் அவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியும் என்று மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். திருகை மாற்றவில்லை.

ஆயுத பூஜை வந்தது. ஷாப்பில் முந்தின நாளே வேலையை நிறுத்தி எல்லா மெஷினையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து வைத்திருந்தார்கள். நான் பட்டுப்புடவையில் போயிருந்தேன். வாழைக்கன்று, பொரி, பூசணிக்காய் எல்லாம் தயார். ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்த முதலாளி, அவளுடைய மெஷினுக்கு முன்னால் நின்றார். "மேடம், பெண்டண்டுக்கெல்லாம் உங்க கையால வைங்க. உங்க பிள்ளைங்கதானே" என்றார். அவள் சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள்.

எங்கே வைப்பது என்று ஒரு நொடி பார்த்தேன். சக்கரத்தில் குழி. உடம்பில் எழுத்து. திருகின் முகப்பு மட்டும் சந்தனம் வைப்பதற்கென்றே செய்ததுபோல வட்டமாக, தட்டையாக, ஒரு ரூபாய் அளவில் இருந்தது. அங்கே வைத்தேன். நடுவில் குங்குமம்.

"அழகா உக்காந்துக்கிச்சு மேடம்" என்றாள் அவள்.

போனில் படம் பிடித்தேன். ஸ்டேட்டஸில் போட்டேன். எத்தனையோ பேர் கைகூப்புகிற பொம்மை அனுப்பினார்கள்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் ஒரு சின்ன வேலையாவது தொடங்கிவைக்க வேண்டும் என்பது வழக்கம். பூஜைப் பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாகக் காய்ந்து உதிர வேண்டும் என்பதும் வழக்கம். முதலாளி என்னையும் வரச் சொல்லியிருந்ததால் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடி வழியாக அவள் தெரிந்தாள். மெஷினில் ஒரு இரும்புத் தட்டைப் பூட்டி, டூலை அதன்மேல் ஒரு அங்குல உயரத்தில் நிறுத்தியிருந்தாள். சுழற்சி இல்லை, டூல் சும்மா நின்றது. பெண்டண்டை மெஷினின் பக்கத்துத் தாங்கியில் செருகியிருந்தாள். அப்படி வைத்தால் ஒரே கையால் பொத்தானையும் அழுத்திச் சக்கரத்தையும் சுற்றலாம். இடது கையில் நாட்காட்டியிலிருந்து கிழித்த தாள்.

டூல் இரும்பைத் தொட்டுவிட்டதா என்று பார்க்கக் காகிதம்தான் அளவு. இரும்பின்மேல் தாளை வைத்து அசைத்துக்கொண்டே டூலை இறக்குவார்கள். தாள் நகராமல் கவ்விக்கொண்டால் தொட்டுவிட்டது என்று பொருள். உயரம் இருக்கும்போது கொஞ்சம் வேகமாகவும், நெருங்கியதும் ஒவ்வொரு டிக்காகவும் இறக்குவது எல்லா ஆபரேட்டர்களின் பழக்கம். இரண்டு நாளுக்கு முன் வேலையை நிறுத்தியபோது அவள் திருகைப் பத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதனால் தாளை விரலால் நீவிப் பரப்பிக்கொண்டே சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றினாள். பத்தில் இருந்திருந்தால் டூல் இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருக்கும்.

துடைக்கும்போது யாருடைய துணியோ திருகை நூறுக்குத் தள்ளியிருந்தது. யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

"ஐயோ" என்று ஒரே ஒரு சத்தம். நான் ஓடியபோது டூல் நின்றிருந்தது. பொத்தானை விட்டிருந்தாள், மெஷின் சொன்னபடி நின்றுவிட்டது. ஆனால் அவளுடைய இடது ஆள்காட்டி விரல் டூலுக்கும் இரும்புக்கும் நடுவில் இருந்தது. முதலாளி பெண்டண்டை நோக்கிக் கையை நீட்டினார்.

"யாரும் தொடாதீங்க சார். எந்தப் பக்கம் சுத்தணும்னு எனக்குத்தான் தெரியும்."

சரிதான். தவறான பக்கம் ஒரு சுற்று போதும். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, பொத்தானை மறுபடி அழுத்தி, எதிர்ப்பக்கமாக ஒரு டிக் சுற்றினாள். நிறுத்தி டூலைப் பார்த்தாள். இன்னொரு டிக். நான் எத்தனையோ மாதம் உட்கார்ந்து, விரலுக்கு இதமாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அமைத்த டிக் அது. அன்றைக்கு ஒவ்வொன்றும் என் பல்லில் விழுந்தது. பத்துப் பதினைந்து டிக்குக்குப் பிறகு விரலை எடுத்தாள். அதன்பிறகுதான் அழுதாள்.

ஆட்கள் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெண்டண்டை எடுத்து, திருகின் மேலிருந்த பொட்டைக் கட்டைவிரலால் துடைத்தேன். மீதியைப் புடவைத் தலைப்பால் துடைத்தேன். வெள்ளைக் கோடு நூறைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருகு எங்கே நிற்கிறது என்று பார்க்கத்தான் துடைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கே நிற்கும் என்று துடைக்கும் முன்பே எனக்குத் தெரியும். நிமிர்ந்தபோது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி அவளைக் காரில் ஏற்றித் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

சாயங்காலம் அவர் திரும்பி வந்து, விரல் நுனியை எடுக்க வேண்டியதாயிற்று என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "மேடம், உங்க பொருள்ல கோளாறு எதுவும் இல்லேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க. ஃபைல்ல வைக்கணும்" என்றார். சோதித்தேன். எல்லாம் சரியாக வேலை செய்தது. எழுதினேன். பெண்டண்டில் பழுது இல்லை. திருகு நூறில் இருந்ததை ஆபரேட்டர் கவனிக்கவில்லை. இரண்டு வரியிலும் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வீட்டுக்குப் போகும் முன் ஸ்டேட்டஸிலிருந்து படத்தை எடுத்துவிட்டேன்.

அடுத்த இரண்டு வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஷெட்டில் என்னோடு வேலை செய்கிற பெண்களிடம் எரிந்து விழுந்தேன். ஒருநாள் மதியம் ஆத்திரத்தோடு லேத் முன்னால் உட்கார்ந்து மூக்கு வைத்த திருகு ஒன்றைச் செய்தேன். இரண்டு மணி நேர வேலை. அதே சீலைப் போட்டு உப்புத் தண்ணீர் வாளியில் முக்கினேன். மறுநாள் காலை திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு துளி ஈரமில்லை. அந்த வாளியை எட்டி உதைத்தேன், தண்ணீர் முழுக்க வாசல் வரை ஓடியது. இரண்டு மணி நேரம். அவ்வளவுதான் நான் அவளுக்குக் கொடுக்க மறுத்தது.

அன்றைக்கே முதலாளிக்குப் போன் செய்து அவள் எப்போது வேலைக்கு வருவாள் என்று கேட்டேன். "வரட்டும் மேடம். ஆனா மெஷின் குடுக்கறது கஷ்டம். கவனமில்லாத ஆள்னு ஃபைல்ல இருக்குதே. வேற ஒருத்தர வச்சிட்டேன்" என்றார். ஃபைலில் இருப்பது என் கையெழுத்து.

திருகைப் பையில் போட்டுக்கொண்டு மரக்காணத்துக்குப் போனேன். மழைக்காலம் தொடங்கிவிட்டதால் உப்பளங்களில் வேலை முடிந்துகொண்டிருந்தது. சாலையோரம் உப்புக் குவியல்களை ஓலை போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டாள். இடது கையில் கட்டு. வலது கையாலேயே டீ போட்டுக் கொடுத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

"சார் என்ன சொல்றாரு மேடம்? மெஷின்ல திருப்பி வுடுவாரா?"

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டு டீயை ஊதினேன்.

"நீங்க எழுதினத சார் எனக்குப் படிச்சுக் காட்டினாரு. நான் கவனிக்கலேன்னு எழுதியிருந்தீங்க."

"ஆமா."

"பொட்டுக்குக் கீழ இருக்கறத எப்பிடி மேடம் கவனிக்கறது?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள்போலக் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

"நான் தொடச்சதப் பாத்த இல்ல?" என்றேன்.

"பாத்தேன்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சாமி பொட்டு மேடம். அதனாலதான் விரல் போச்சுன்னு என் வாயால எப்பிடி சொல்றது? தொடைக்கலாமான்னு நானும் ஒரு செகண்ட் நெனச்சேன். கை வரல." கைக்கட்டின் முடிச்சைச் சரிசெய்துகொண்டாள். "அப்புறம், நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ஆறுதல் சொல்ல வரவில்லை, அது அவள் வேலையும் இல்லை. நான் பையிலிருந்து திருகை எடுத்துக் கொடுத்தேன். சோதிக்கிற பலகையில் பொருத்திக் கொண்டுபோயிருந்தேன். மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, வலது கையால் திருப்பினாள். "ஒண்ணு. பத்து. நூறு. மறுபடி பத்து." ஒன்றுகூடத் தப்பவில்லை. கண்ணைத் திறந்து அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இத அப்பவே குடுத்திருக்கலாம் மேடம்."

மறுநாள் காலை கடிதம் எழுதினேன். பொட்டை நான்தான் வைத்தேன், கோட்டை அது மறைத்துவிட்டது, மூக்கு வைத்த திருகை அந்தப் பெண் முன்பே கேட்டும் நான் பொய்க்காரணம் சொல்லி மறுத்தேன், விபத்து நடந்ததும் பொட்டைத் துடைத்தவளும் நான்தான், ஆபரேட்டர்மேல் குற்றமில்லை என்று எதையும் விடாமல் எழுதினேன். போனிலிருந்த படத்தையும் அச்செடுத்து இணைத்தேன். முதலாளி நின்றுகொண்டே படித்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதெல்லாம் எதுக்கு மேடம்? நாள் கிழமைல நல்லதுன்னு வச்சது" என்றார். பிறகு, "புதுசா வந்த ஆளும் நல்லாத்தான் ஓட்டறாரு. குடும்பஸ்தன். அவர எப்பிடி எறக்கறது? அவ கொஞ்ச நாள் பேக்கிங்ல இருக்கட்டும். பாக்கலாம்" என்றார். கடிதத்தை மடித்து ஃபைலில் வைத்தார். என் முதல் கடிதத்துக்குப் பின்னால்.

அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. போகும்போதெல்லாம் கேட்கிறேன். பாக்கலாம் மேடம் என்கிறார். கெட்ட மனிதர் இல்லை. அவளை மெஷினில் வைத்தால்தான் பெண்டண்ட் தருவேன் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்திருக்கிறது. ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மூக்கு வைத்த திருகு இப்போது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. யாருடைய யோசனை என்று கேட்கிறவர்களிடம் ஒரு ஆபரேட்டர் சொன்னார் என்கிறேன். அந்த ஆபரேட்டர் இப்போது என்ன செய்கிறார் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கும் கூப்பிட்டிருந்தார்கள். போகக் கூடாது என்றிருந்தேன், போனேன். அதே வாழைக்கன்று, அதே பூசணிக்காய். முதலாளி அவளுடைய பழைய மெஷினுக்கு முன்னால் நின்று, "மேடம், உங்க கையால" என்றார். சந்தனக் கிண்ணத்தை அவள்தான் பிடித்திருந்தாள். நுனியில்லாத விரல் கிண்ணத்தின் அடியில் தெரிந்தது. என் கை எழவில்லை.

அவள் கிண்ணத்தை மெஷின் மேல் வைத்துவிட்டு, பெண்டண்டைத் தாங்கியிலிருந்து எடுத்தாள். கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நீட்டினாள்.

"பின்னாடி வைங்க மேடம். முன்னாடி, மெஷின் ஓட்டறவருக்குத் தெரியணும்."

வைத்தேன். அவள் அதைத் திருப்பித் தாங்கியில் செருகினாள். செருகும்போது, பார்க்காமலேயே, திருகின் மூக்கைப் பிடித்து ஒன்றுக்குத் திருப்பிவிட்டாள். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த மெஷினுக்குப் போனாள்.